தீர்மானத்தை வீட்டின் மேல் எடுக்காதீர்கள், ஒரு இடத்தின் மேல் எடுங்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவரும் கணவரும் வேலைக்குப் போகிறார்கள். ஒன்பது வயதில் பையன், ஐந்து வயதில் பெண், கூடவே மாமியார். ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் 'இந்த வருஷம் வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வேன்' என்று முடிவெடுக்கிறாராம். பொங்கல் வரைக்கும் நன்றாகப் போகிறது, பிப்ரவரியில் பழையபடி ஆகிவிடுகிறது. சித்திரைப் பிறப்பன்று மறுபடி ஒரு தீர்மானம், அதுவும் அப்படியே கரைகிறது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தாலே மனசு கனக்கிறது என்கிறார். 'எனக்கு மன உறுதி இல்லையா?' என்பதுதான் கேள்வி.

மன உறுதியில் ஒரு குறையும் இல்லை அம்மா. இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வேலைக்கும் போய்வருகிறவருக்கு அதைப் பற்றிச் சந்தேகமே வரக்கூடாது. தீர்மானத்தின் அளவுதான் தவறு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் கடலூர்க்காரன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் 28 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போல்ட், நட், வால்வு, கேஸ்கட், பேரிங் என்று நாலாயிரத்துச் சொச்சம் உருப்படிகள். இரவு இரண்டு மணிக்கு மெயின்டனன்ஸ் ஆள் வந்து ஒரு பேரிங் நம்பரைச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த 28 வருஷமும் என் வீட்டில் கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அத்தனையும் என் மனைவியின் தலைக்குள் இருந்தது. அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆகி மூன்று மாதம் படுத்திருந்தபோதுதான் வீடு என் கைக்கு வந்தது. ஸ்டோர்ஸில் செய்ததை வீட்டில் செய்து பார்த்ததும் அப்போதுதான். கீழே சொல்வதெல்லாம் அதிலிருந்து வந்தது.

'ஸ்டோர்ஸை ஒழுங்காக வைப்பேன்' என்று எங்கள் வேலையில் யாரும் சொன்னது கிடையாது. 'பி வரிசை, நாலாவது ரேக், இரண்டாவது தட்டு' என்றுதான் பேச்சு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பொருள், ஒவ்வொரு ரேக்குக்கும் பொறுப்பாக ஒரு ஆள், அவர் அதைச் சரிபார்க்க ஒரு நேரம். முழு கிடங்கையும் ஒரே நாளில் ஒருவர் ஒழுங்கு செய்ய முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டில் மட்டும் நாம் மொத்த வீட்டையும் ஒரே தோளில் தூக்கிவைத்து, ஒரே வாக்கியத்தில் முடிவெடுத்துவிடுகிறோம்.

உங்கள் சமையலறையில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வீடு எவ்வளவு கலைந்து கிடந்தாலும் அது கலைவதில்லை. கடுகுக் கிண்ணத்தில் சீரகம் போவதில்லை. அதற்காக யாரும் புத்தாண்டில் தீர்மானம் எடுத்ததும் இல்லை. ஏன் கலைவதில்லை? கிண்ணங்கள் ஐந்தோ ஏழோதான், அதற்கு மேல் வைக்க இடமில்லை. எது எங்கே என்பது ஒருமுறை முடிவாகிவிட்டது. தினமும் இரண்டு வேளை கை அங்கே போகிறது. அடுப்புக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்த எந்த இடமும் தானாகவே ஒழுங்காக நிற்கும். வீட்டில் தொடர்ந்து கலைகிற இடங்களைப் பாருங்கள். இந்த நான்கில் ஏதாவது ஒன்று அங்கே இல்லாமல் இருக்கும்.

அதனால் தீர்மானத்தை வீட்டின் மேல் எடுக்காதீர்கள். ஒரு இடத்தின் மேல் எடுங்கள். எந்த இடம், எந்த நேரம், யார் என்ற மூன்றும் அந்த வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும். 'ராத்திரி சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்ததும், மேசை மேல் இருக்கிற சாப்பாடு அல்லாத பொருட்களை நான் எடுத்து அதனதன் இடத்தில் வைப்பேன்.' இதற்குப் பெயர் தீர்மானம். 'வீடு ஒழுங்காக இருக்கும்' என்பது ஆசை. ஆசைப்படுவது நல்லதுதான், ஆனால் அதை எத்தனை மணிக்குச் செய்வது?

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியர் இதைப் பல வருஷம் ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை எழுதினார். 'இதைச் செய்வேன்' என்று மட்டும் நினைப்பவர்களைவிட, 'இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது அதன் சாரம். சாப்பாடு முடிந்தது, விளக்கு ஏற்றியாயிற்று, பால் பொங்கியது என்று வீட்டில் தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட வேண்டும். கடிகார நேரத்தைவிட இது நன்றாக நிற்கும். வேலைக்குப் போகிற வீட்டில் ஏழு மணி என்பது தினமும் ஏழு மணியாகவா இருக்கிறது?

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதை நம்பித்தான் பலர் 22ஆவது நாள் தன்னையே நொந்துகொள்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரை வைத்து இதைக் கவனித்தார்கள். 2010இல் அச்சில் வந்த ஆய்வு. ஒரு செயல் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்குக் கணக்குப்படி 254 நாள் வரை. நீங்கள் பிப்ரவரியில் தோற்றுவிட்டதாக நினைக்கிறீர்கள். ஜனவரி 1இல் தொடங்கினால் 66ஆவது நாள் மார்ச் 7. பாதி தூரத்தில் நின்றுகொண்டு வரவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து விருந்தாளி, அலுவலகத்தில் தாமதம் என்று ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் அப்படியே தொடருங்கள்.

சரி, எந்த இடத்தில் தொடங்குவது? ஒரு வாரத்துக்கு எதையும் மாற்றாமல், எதைத் தேடுகிறீர்கள் என்று மட்டும் குறித்துவையுங்கள். வண்டிச் சாவியா, பையனின் பெல்ட்டா, சீப்பா, கரண்ட் பில்லா? எது அதிகம் வருகிறதோ அதன் இடம்தான் முதல். கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிகிற இடத்தை முதலில் எடுக்க வேண்டும் என்றுதான் தோன்றும், ஆனால் அது வேண்டாம். தேடல் குறைந்தால் காலையில் கத்தல் குறையும், அந்த நிம்மதிதான் அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போகும். ஒரு இடம் நிலைத்த பிறகே அடுத்தது. ஒரே நேரத்தில் மூன்று இடம் வேண்டவே வேண்டாம்.

எங்கள் தொழிற்சாலையில் ஜப்பான்காரர்களின் ஐந்து எஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. முதலாவது, வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது. இரண்டாவது, மிச்சமிருப்பதற்கு இடம் குறிப்பது. மூன்றாவதுதான் சுத்தம் செய்வது. அடுத்த இரண்டும் அதை முறையாக்கித் தொடர்வது. நாம் வீட்டில் எடுத்தவுடனே விளக்குமாற்றைத் தூக்குகிறோம். மூன்றாவது படியில் ஏறி நின்றுகொண்டு ஏன் வழுக்குகிறது என்று கேட்கிறோம். இடமே இல்லாத பொருளைத் தூசி தட்டி எங்கே வைப்பது? அதே நாற்காலியில்தான்.

நாற்காலி என்றதும் துணி நினைவுக்கு வருகிறது. உங்கள் கேள்வியில் அதைத்தான் இரண்டு முறை சொல்லியிருக்கிறீர்கள், கொடியிலிருந்து எடுத்த துணி நாற்காலியிலும் கட்டிலிலும் மலையாகக் கிடக்கிறது என்று. இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. நம் கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரமும் உப்பும் இருக்கின்றன. துணி முக்கால்வாசி காய்ந்திருக்கும், மடித்து வைக்க மனசு வராது, 'கொஞ்சம் ஆறட்டும்' என்று நாற்காலியில் போடுவோம். அங்கேயே மூன்று நாள் கிடக்கும். நான் செய்தது இது: 'இன்னும் காயாத துணி' என்பதற்கே ஒரு இடம் ஒதுக்கினேன். ஃபேனுக்குக் கீழே ஒரு மடக்கு ஸ்டாண்டு, அவ்வளவுதான். பாதி ஈரத் துணிக்கு வீட்டில் இடம் இல்லாததால்தான் அது நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்து, துணியை எடுத்த இடத்திலேயே ஆள்வாரியாகப் பிரித்துவிடுவது. ஐந்து பேருக்கு ஐந்து கூடை. மடிப்பதற்கு நேரம் இல்லாத நாளில்கூடப் பிரிப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். பிள்ளைகளின் வீட்டு உடுப்பை மடிக்கவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. கூடையில் இருந்தால் போதும். பள்ளிச் சீருடைக்கும் புடவைக்கும் அந்த நேரத்தைச் செலவழியுங்கள்.

பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் நாலு விரல் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஓதம் உள்ளே இறங்கிப் பட்டுப் புடவையில் பூஞ்சை பிடிக்கும். பாச்சை உருண்டையை அள்ளிப் போடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் எடுத்து வாயில் போட்டால் ஆபத்து. காய்ந்த வேப்பிலையும் மாதம் ஒருமுறை பீரோக் கதவைத் திறந்துவைத்துக் காற்றாட விடுவதும் எங்கள் வீட்டில் போதுமானதாக இருக்கிறது.

இப்போது நான் உண்மையாகவே அழுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஜனவரி 1 ஒரு வீட்டைத் தொடங்குகிற நாள் இல்லை. நம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல், புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது உங்கள் ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கம் ஊருக்குள் புகுந்தது. நம்முடைய ஜனவரி என்பது பல வருஷங்களில் ஈரத்தை வழித்துத் தள்ளுகிற மாதம். அந்தக் களைப்போடு எடுக்கிற தீர்மானம் எப்படி நிற்கும்?

2015இல் கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த என் வீட்டுக்குள் முட்டிவரை தண்ணீர். பீரோவின் கீழ்த் தட்டில்தான் வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், எல்.ஐ.சி. பாண்டு எல்லாம் இருந்தன. மேல் தட்டில் ஐந்து வருஷமாகக் கட்டாத புடவைகள் பத்திரமாக உலர்ந்திருந்தன. தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஃபேனுக்குக் கீழே போட்டு என் மனைவி உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. சிலது பிரியவே இல்லை, அப்பளம் மாதிரி ஒட்டிவிட்டது. பத்திரத்துக்குப் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கலாம், வாங்கினோம். மகளின் பள்ளிச் சான்றிதழுக்கு அலைந்தது தனிக் கதை. அன்றைக்கு நாங்கள் எடுத்த ஒரு தீர்மானம் இன்றுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை: 'இடுப்புக்குக் கீழே தாள் கிடையாது.' தாள் என்றால் பத்திரம், பள்ளி நோட்டு, மருத்துவ ரிப்போர்ட், ஆல்பம், அட்டைப்பெட்டி எல்லாம்தான். அந்த ஒரு வரியால் கரையானும் குறைந்தது, கரப்பானும் குறைந்தது, தரையும் காலியானது. ஏன் தவறவில்லை என்று யோசித்தால், அது இடத்தைப் பற்றிய தீர்மானம், வீட்டில் எல்லாருக்கும் காரணம் தெரியும், மீறினால் கண்ணுக்கு உடனே தெரியும். உங்கள் வீட்டுக்கும் இதை முதல் வாரமே சொல்வேன். மூடி இறுக்கமாக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு ஜிப் கவர், பெட்டி உயரமான தட்டில். கிடைக்கிற சான்றிதழ்களை டிஜிலாக்கரிலும் எடுத்து வைத்துவிடுங்கள். ராத்திரியில் வெளியேறச் சொன்னால் அந்த ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

அதனால் என் யோசனை, ஆடிப்பெருக்கில் தொடங்குங்கள். ஆகஸ்ட் 3 என்று வைத்துக்கொண்டால் 66ஆவது நாள் அக்டோபர் 7. வடகிழக்குப் பருவமழை பிடிக்கிற நேரத்துக்குள் உங்கள் முதல் பழக்கம் கைக்கு வந்திருக்கும். அதையொட்டி வருகிற ஆயுத பூஜைக்கு எப்படியும் வீட்டை ஒட்டடை அடித்துத் துடைப்போம். அதற்கு முன்பே பிரிப்பதும் இடம் குறிப்பதும் முடிந்திருந்தால் அந்த ஒரு நாள் உழைப்பு வீணாகாது. மொட்டை மாடியையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். உடைந்த வாளி, பெயிண்ட் டப்பா, காலிப் பூந்தொட்டி, தேங்காய் ஓடு. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். மழை மாதங்களில் ஞாயிறு காலை ஒரு ஆள் மாடிக்குப் போய்த் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வருவது என்பது மிக நல்ல தீர்மானம். அது உங்கள் கணவருடையதாக இருக்கட்டும்.

வேண்டாததைக் கழிப்பதில்தான் மனசு அதிகம் தடுமாறும். கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பைகள், மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, டி.வி. வந்த அட்டைப்பெட்டி. வாரண்டிக்குப் பெரும்பாலும் பில்தான் வேண்டும், பெட்டி வேண்டாம். தூக்கிப்போடலாமா என்று சந்தேகம் வந்தால் ஸ்டோர்ஸில் அந்தப் பொருளில் சிவப்புச் சீட்டு கட்டித் தேதி எழுதித் தனி மூலையில் வைப்போம். குறித்த நாள் வரை யாரும் கேட்கவில்லை என்றால் வெளியே போய்விடும். வீட்டில் அதற்கு ஒரு சாக்குப் பை போதும். தேதியை மார்க்கரில் எழுதிக் கட்டிப் பரண் மேல் போடுங்கள். போகி வரை அந்தப் பையை யாரும் அவிழ்க்கவில்லை என்றால், மறுபடி யோசிக்காமல் நல்லதைத் தேவைப்படுகிறவர்களுக்கும் மிச்சத்தைப் பழைய சாமான் கடைக்கும் கொடுத்துவிடலாம். யோசித்தால் பாதி திரும்பி வந்துவிடும். போகியில் பிளாஸ்டிக்கையும் டயரையும் தயவுசெய்து கொளுத்தாதீர்கள்.

உள்ளே வருகிறதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டுக்குப் போனால் விலை மலிவு, கை சும்மா வராது. எனக்கும் அந்தக் கடைவீதி பிடிக்கும். போவதற்கு முன்பு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மளிகையில் புதிதாக வாங்கியதைப் பின்னால், பழையதை முன்னால் வைக்க வேண்டும். இந்த ஈரக் காற்றில் ரவையும் கடலை மாவும் வண்டு பிடிப்பதற்கு அடியில் மறந்துபோன பொட்டலம்தான் காரணம்.

கடைசியாக ஆட்கள். நுழைந்ததும் மனசு கனக்கிறது என்றீர்கள் அல்லவா, அது கற்பனை இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இருவரும் வேலைக்குப் போகிற குடும்பங்களைப் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், தன் வீடு சாமான்கள் நிறைந்து கலைந்து கிடக்கிறது என்று சொன்ன மனைவிகளுக்கு மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், சாயங்காலத்தில் குறைய வேண்டிய அளவு குறையவில்லை. கணவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. கலைந்த வீட்டின் பாரம் ஒருவர் மேல் மட்டும் இறங்குகிறது. அதனால் 'நான் ஒழுங்காக வைத்துக்கொள்வேன்' என்ற வார்த்தையிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஐந்து இடம், ஐந்து பெயர். கணவரிடம் 'கொஞ்சம் உதவுங்கள்' என்று கேட்காதீர்கள். மாடியும் செருப்பு வைக்கிற இடமும் பில்களும் அவருடையவை என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பிறகு அவர் இடத்தில் நீங்கள் கை வைக்காதீர்கள். அவர் வைக்கிற விதம் உங்களுக்குப் பிடிக்காமல் இருந்தாலும்கூட. என் மனைவி அப்படி விட்டுக்கொடுத்ததால்தான் நான் கற்றுக்கொண்டேன்.

பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன் என்கிறீர்கள். பை மாட்டுகிற ஆணி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீட்டில் பெரியவர்கள் தோள் உயரத்தில் இருக்கும். ஐந்து வயதுப் பெண்ணின் தோளுக்கு நேராக ஒரு கொக்கி அடித்துக் கொடுங்கள். வாசலிலிருந்து நாலு எட்டுக்குள் இருக்கட்டும். விளையாட்டுச் சாமானுக்கு மூடி இல்லாத கூடை. மூடியைத் திறக்க வேண்டும் என்றாலே பிள்ளைகள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பெரியவர்களும் அப்படித்தான்.

மாமியாரின் சாமான்களைப் பற்றித் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அவருடைய டிரங்குப் பெட்டியும் பித்தளைப் பாத்திரங்களும் இடத்தை அடைக்கின்றன, கேட்டால் வருத்தப்படுவாரோ என்று. அவர் இல்லாத நேரத்தில் ஒன்றைக்கூட எடுத்துவிடாதீர்கள். அந்தப் பெட்டியை அஞ்சறைப் பெட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: அது அவர் இடம், அதற்குள் எது எப்படி இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. வெயில் நல்ல ஒரு சனிக்கிழமை பெட்டியை வெளியே தூக்கிவைத்துக் கொடுங்கள், உள்ளே இருக்கிறதைக் காயவைக்கக் கூட உட்காருங்கள். பழைய புடவையை எடுத்து ஒவ்வொன்றின் கதையையும் சொல்லுவார். கேளுங்கள். இரண்டு மூன்றை அவரே 'இது எதுக்கும்மா, யாருக்காவது கொடுத்துடு' என்பார். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெட்டியை உள்ளே வைக்கும்போது நாலு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.